ஆக்சிமீட்டர் எண்ணை வைத்து மலை நோயைக் கணிக்க முடியுமா?

உயரமான மலைகளில் ஏறும் குழுக்களில் சாயங்காலம் ஆனால் இப்போது இதைப் பார்க்கலாம். கூடாரத்துக்குள் எல்லோரும் விரலை நீட்டுவார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று காட்டும் ஆக்சிமீட்டர் என்ற அந்தச் சின்ன கிளிப் கைமாறிக்கொண்டே போகும், யாராவது ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார்: 88, 84, 91, 79. 91 வந்தவருக்கு முகத்தில் ஒரு பெருமை, 79 வந்தவருக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு. மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பவர் அந்த 91 ஆசாமியாக இருக்கலாம். 79 ஆசாமி சாவகாசமாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கலாம். கருவி கெட்டுப்போய்விட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. அது அளப்பது ஒன்று, நாம் அதனிடம் கேட்பது வேறொன்று. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, அதை அடைக்க நாற்பது ஐம்பது வருஷமாக என்னென்ன முயற்சி நடந்திருக்கிறது, எது ஓரளவு தேறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் காற்று. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கடல் மட்டத்திலும் அதே அளவு, எவரெஸ்ட் உச்சியிலும் அதே அளவு. மேலே போகப் போகக் குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 5500 மீட்டரில் ஏறக்குறைய பாதி. 1981-ல் ஜான் வெஸ்ட் தலைமையில் போன அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவில் இருந்த கிறிஸ் பிஸ்ஸோ எவரெஸ்ட் உச்சியிலேயே நின்று அளந்தபோது 253 வந்தது. உள்ளே இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகும்போது நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும், அது எந்த உயரத்திலும் மாறாது. அதைக் கழித்துவிட்டு 20.9 சதவீதம் போட்டுப் பார்த்தால் மூச்சில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 149, எவரெஸ்ட் உச்சியில் சுமார் 43. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில்தான் நுரையீரல் வேலையை ஓட்டியாக வேண்டும்.

உடம்பு சும்மா இருக்காது. கழுத்தில் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் கரோடிட் பாடி என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதற்கு உடனே தெரிந்துவிடும், மூச்சை வேகப்படுத்தச் சொல்லி மூளைக்குத் தகவல் போகும். வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் கொஞ்சம் கூடும், ஆனால் கூடவே கரியமில வாயுவும் வெளியே போய்விடும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், உடனே மூளை மூச்சுக்கு பிரேக் போடும். ஒரு பக்கம் ஆக்சிலரேட்டர், ஒரு பக்கம் பிரேக். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அந்த பிரேக்கை மெல்ல விடுவிக்கச் சில நாட்கள் ஆகும். உயரத்துக்கு உடம்பு பழகுவது என்று நாம் சொல்வதில் முதல் சில நாட்களில் நடக்கும் முக்கியமான காரியம் இதுதான். அசிட்டசோலமைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் கொஞ்சம் சீக்கிரமாகச் செய்து தருகிறது. இந்தப் பழக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் நடக்கும் என்பதுதான் கணிப்பவர்களுக்கு நம்பிக்கை, அதுவேதான் தலைவலியும்.

சரி, நோய் என்று எதைச் சொல்கிறோம்? மூன்று இருக்கின்றன. சாதாரணமாக வருவது கடுமையான மலை நோய். பேரில்தான் 'கடுமை'; ஆங்கிலத்தில் 'acute' என்பதன் மொழிபெயர்ப்பு அது, திடீரென்று வருவது என்றுதான் அங்கே அர்த்தம். தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல். இது முற்றினால் மூளை வீக்கம்: ஆள் தள்ளாடுவார், குழம்பிப் பேசுவார், பிறகு நினைவு தப்பும். மூன்றாவது நுரையீரலில் நீர் கோர்ப்பது. இது தனி வழியில் வரும், தலைவலியே இல்லாமலும் வரும், உயரத்துக்குப் போன இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும், உயரத்தால் சாகிறவர்களில் கணிசமானவர்களைக் கொல்வது இதுதான்.

எத்தனை பேருக்கு வருகிறது என்பது எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்தது. 1993-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் கொலராடோவில் 1900 மீட்டருக்கும் 3000 மீட்டருக்கும் இடைப்பட்ட மலை விடுதிகளுக்கு வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மலை நோய் இருந்தது. 1976-ல் வெளியான ஆய்வுக்காகப் பீட்டர் ஹாக்கெட்டும் டிரம்மண்ட் ரென்னியும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில் பெரிச்சே என்ற ஊரில், சுமார் 4240 மீட்டரில், மலையேற வந்தவர்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்தபோது 53 சதவீதம். நடந்தே வந்தவர்களைவிட, வழியில் மலைமேல் உள்ள லுக்லா என்ற ஊருக்கு விமானத்தில் வந்து இறங்கி ஏறியவர்களுக்குத்தான் அதிகம். அதற்கு முன்பே, 1962-க்குப் பிறகு இமயமலை எல்லைக்கு அவசர அவசரமாகக் கொண்டுபோய் இறக்கப்பட்ட இந்திய ராணுவ வீரர்களில் 1925 பேரின் விவரங்களைத் தொகுத்து இந்தர் சிங் குழுவினர் 1969-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. நல்ல உடற்பயிற்சி உள்ள, இளவயசு வீரர்கள்தான் அவர்கள். உடம்பு ஃபிட்டாக இருந்தால் மலை நோய் வராது என்று இன்னும் யாராவது சொன்னால் அந்தக் கட்டுரையைக் காட்டலாம்.

இப்போது விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். ஒருவருக்கு மலை நோய் இருக்கிறதா இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. கேள்வி கேட்கிறார்கள். லேக் லூயிஸ் மதிப்பெண் என்று பெயர். 1991-ல் கனடாவில் கூடிப் பேசி உருவாக்கி 1993-ல் வெளியிட்டார்கள், 2018-ல் திருத்தினார்கள். தலைவலி, வயிற்றுக் கோளாறு, அசதி, தலைசுற்றல், நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை. தலைவலி கட்டாயம் இருக்க வேண்டும், மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், உயரத்துக்கு வந்து 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 3 முதல் 5 வரை லேசு, 6 முதல் 9 நடுத்தரம், 10 முதல் 12 கடுமை. பழைய பட்டியலில் தூக்கக் கோளாறும் இருந்தது. மற்ற அறிகுறிகளோடு அது ஒத்துப்போகவில்லை என்று 2018-ல் எடுத்துவிட்டார்கள்.

இதில் என்ன சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அது சரியா தப்பா என்று கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மனிதர் தன் வாயால் சொன்ன பதிலோடு. தண்ணீர் போதாமல் தலை வலித்தாலும், ராத்திரி தூங்காமல் அசதியாக இருந்தாலும், பனியில் கண் கூசித் தலை பாரமானாலும் மதிப்பெண் ஏறும். உச்சிக்குப் போயே தீருவேன் என்று நிற்பவர் தலைவலியை 1 என்று சொல்வார், பயந்தவர் அதையே 3 என்பார். நேற்று 2018-க்கு முந்தைய கணக்கில் நோயாளியாக இருந்தவர் இன்று புதிய கணக்கில் நோயாளி இல்லாமல் போகலாம். அளவுகோலே ரப்பராக இருக்கும்போது அதை வைத்துச் சோதித்த கருவிக்கு 90 சதவீதத் துல்லியம் என்று யாராவது எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் ஆக்சிமீட்டர். 1974-ல் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் டாகுவோ அயோயாகி கண்டுபிடித்த யோசனை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக மாற்றி மாற்றிச் செலுத்துகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் விழுங்கும். தோல், எலும்பு, நகம் எல்லாம் ஒரே அளவில் மறைக்கும். நாடி துடிக்கும்போது மாறுவது தமனி ரத்தம் மட்டும்தான். அந்தத் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் செறிவு, அதாவது ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பது, கிடைக்கும். அந்த விகிதத்தை சதவீதமாக மாற்றும் அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, கூடவே தமனி ரத்தமும் எடுத்துச் சோதித்து உருவாக்கியது. 70 சதவீதத்துக்குக் கீழே யாரையும் பாதுகாப்பாகக் கொண்டுபோக முடியாதே, அதனால் அதற்குக் கீழே கருவி காட்டுவது பெரும்பாலும் உத்தேசம். ஆனால் 5000 மீட்டருக்கு மேலே பலர் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

70-க்கு மேலேயும் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே இருப்பது சகஜம், தரச்சான்று உள்ள கருவிக்கே இப்படி. குளிரில் விரல் விறைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து துடிப்பே கிடைக்காது. நகப்பூச்சு, கை நடுக்கம், கூடாரத்துக்குள் விழும் வெயில் எல்லாம் குழப்பும். கறுப்பு நிறத் தோலில் உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டும் சாய்வும் இருக்கிறது. 2020-ல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து வெளியான ஆய்வில், ஆக்சிமீட்டர் நன்றாக இருக்கிறது என்று காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்தது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஹீமோகுளோபினின் வளைகோடு, அதாவது ஆக்சிஜன் அழுத்தம் மாறும்போது செறிவு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும் செறிவு 97, 98-லிருந்து 90-க்குத்தான் வரும். அதற்குக் கீழே வளைகோடு செங்குத்தாக விழும். அழுத்தத்தில் சின்ன மாற்றம், செறிவில் பெரிய மாற்றம். 4500 மீட்டரில் நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தச் சரிவின் மேல். இரண்டு பெருமூச்சு விட்டால் 82 என்பது 88 ஆகிவிடும், பேசிக்கொண்டே அளந்தால் 78. கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவரைக் கவனியுங்கள்: எண் குறைவாக இருந்தால் தன்னையறியாமல் மூச்சை ஆழமாக இழுப்பார், எண் ஏறும், திருப்தியாகக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அடுத்த ஒரு நிமிஷத்தில் பழைய எண்ணுக்கே இறங்கியிருக்கும், அதைப் பார்க்க யாரும் இல்லை.

ஆகவே ஒழுங்காக அளக்க வேண்டுமானால், ஐந்து நிமிஷமாவது அசையாமல் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, திரையை வேறொருவர் பக்கம் திருப்பிவைத்து, எண் நிலைத்த பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் பார்த்துச் சராசரியாகக் குறிக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில். இதைச் செய்யாத ஆய்வுகளும் உண்டு, முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் செறிவு குறைந்தவருக்கு நோய் வருமா? 1998-ல் வெளியான ஆய்வில், அலாஸ்காவின் டெனாலி மலையில் 4200 மீட்டரில் ஏறுகிறவர்களுக்கு அளந்து பார்த்து, செறிவு குறைவாக இருந்தவர்களுக்கே மேலே போகும்போது நோய் அதிகம் வந்தது என்றார்கள். ஆனால் பின்னால் வந்தவற்றில் சில ஆமாம் என்றன, சில தொடர்பே இல்லை என்றன. கூட்டத்தைப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது: நோய் வந்தவர்களின் சராசரி, வராதவர்களின் சராசரியைவிடச் சில புள்ளிகள் குறைவு. ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. சராசரியில் இருக்கும் மூன்று புள்ளி வித்தியாசம் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தனி ஆள் ஒருவரைப் பார்த்து 'உனக்கு வரும், உனக்கு வராது' என்று சொல்ல அது போதாது.

செறிவுக்கும் நோய்க்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒரே ஒரு அளவு போதும். 2007-ல் காட்வெல் எக்ஸ்ட்ரீம் எவரெஸ்ட் என்ற ஆய்வுக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8400 மீட்டரில், உடையைக் கழற்றித் தொடைத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஆக்சிஜன் அழுத்தத்தின் சராசரி 24.6 மில்லிமீட்டர், ஒருவருக்கு 19.1. கணக்கிட்ட செறிவு சராசரியாக 54 சதவீதம். கடல் மட்டத்தில் இந்த எண்ணோடு ஒருவர் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவே பதறும். இவர்கள் ஊசி போட்டுக்கொண்டு, ஆடையைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்து இறங்கினார்கள். பல வாரங்கள் பழகிய உடம்பு அது.

மூளை ஆக்சிஜன் குறைவை எப்படித் தாங்குகிறது என்பது செறிவை மட்டும் பொறுத்ததல்ல. மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது, ரத்தநாளச் சுவர் எவ்வளவு கசிகிறது, மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். வீங்க இடம் குறைவாக உள்ளவர்களுக்கே முதலில் தொல்லை வருகிறது என்று 1985-ல் ஒரு கருதுகோள் வந்தது. கவர்ச்சியானது, இன்னும் முழுசாக நிரூபணம் ஆகவில்லை. விரல் நுனியில் மாட்டும் கிளிப்புக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

நுரையீரல் விஷயம் வேறு. அங்கே நோயே ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகும் பாதையில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்காது, சுருங்காத பகுதிகளுக்குள் ரத்தம் அழுத்தத்தோடு பாய்ந்து நுண்குழாய்கள் கசியும், காற்றுப் பைகளில் நீர் சேரும். இதை இதயக் கோளாறு என்றும் நிமோனியா என்றும்தான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1960-ல் சார்லஸ் ஹூஸ்டன் அமெரிக்காவின் ஆஸ்பென் பக்கத்தில் மலையேறிய ஓர் ஆரோக்கியமான இளைஞரின் கதையை எழுதிய பிறகுதான் இது தனி நோய் என்று உலகம் பரவலாக ஒத்துக்கொண்டது. இங்கே செறிவு நிஜமாகவே பேசும். கூட வந்தவர்களெல்லாம் 85-ல் இருக்கும்போது ஒருவர் மட்டும் 68-ல் இருக்கிறார், உட்கார்ந்திருந்தும் நாடி வேகமாக ஓடுகிறது, நேற்று சிரமமில்லாமல் ஏறிய மேட்டில் இன்று பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறார், லேசான வறட்டு இருமல். இந்த நான்கும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் கொடுத்தவுடன் செறிவு நன்றாக ஏறினால் அதுவும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று, ஏறிவிட்டதே என்று அங்கேயே தங்கிவிடக் கூடாது.

அல்ட்ராசவுண்டு கருவி கையடக்கமாக வந்த பிறகு மலை மேலேயே நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார்கள். நீர் கோர்த்த நுரையீரலில் திரையின் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடுகள் வால்நட்சத்திர வால் போல இறங்கும். பெரிச்சேயில் இதை வைத்து நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, நோய் குணமாகக் குணமாகக் கோடுகள் குறைந்தன. சிக்கல் என்னவென்றால், எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் உயரத்தில் கொஞ்சம் கோடுகள் தெரிகின்றன. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் உறை தடிக்கிறதா என்று பார்த்து மூளை அழுத்தத்தை ஊகிக்கும் முயற்சியும் நடந்தது; சில ஆய்வுகளில் பொருந்தியது, சிலவற்றில் பொருந்தவில்லை. எம்ஆர்ஐ எடுத்தால் மூளை வீக்கத்தில், மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் பின்பகுதியில் மாற்றம் தெளிவாகத் தெரியும், ஆனால் எம்ஆர்ஐ கருவியை யார் மலை மேல் தூக்கிக்கொண்டு போவது.

போகும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரு நேர்மையான வழி: ஆக்சிஜன் குறைந்த காற்றை முகமூடி வழியாகக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பது. 2004-ல் ஆஸ்திரியாவில் புர்ட்ஷர் குழுவினர், சமதளத்திலேயே 20, 30 நிமிஷம் இப்படிக் கொடுத்து அளந்த செறிவு, மலை நோய் அடிக்கடி வருகிறவர்களை ஓரளவு பிரித்துக் காட்டுகிறது என்றார்கள். பிரான்ஸில் ரிஷாலே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. சும்மா உட்காரவைக்காமல் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், ஆக்சிஜன் 11.5 சதவீதம், அதாவது சுமார் 4800 மீட்டருக்குச் சமம், ஆளின் உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேகம். 4000 மீட்டருக்கு மேல் போகப்போகிற 1326 பேரிடம் இதைச் செய்து பின்தொடர்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். மிதிக்கும்போது செறிவு 22 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தவர்கள், மூச்சு போதுமான அளவு வேகமெடுக்காதவர்கள், இவர்களுக்குக் கடுமையான நோய் வரும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. ஓய்வில் அளப்பதைவிட இது நன்றாக வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை. மலையில் யாரும் உட்கார்ந்துகொண்டே ஏறுவதில்லையே.

ஆனாலும் அந்த ஆய்வு தந்த ஆபத்துக் காரணங்களின் பட்டியலிலேயே பலமாக நின்றவற்றில் இரண்டுக்குக் கருவி எதுவும் தேவையில்லை: இதற்கு முன் கடுமையான மலை நோய் வந்திருக்கிறதா, ஒரு நாளில் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். முன்பு நுரையீரலில் நீர் கோர்த்தவர்கள் மறுபடி வேகமாக, ஆல்ப்ஸ் மலையில் 4559 மீட்டரில் உள்ள மார்கரிட்டா மலைக்குடிலுக்கு ஏறினால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. எந்த சென்சாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. முதல்முறை போகிறவருக்கு இந்த வரலாறு இருக்காது என்பது மட்டும்தான் குறை, முகமூடிப் பரிசோதனைக்கு உண்மையான இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நுரையீரல் தமனி அழுத்தத்தையும் எக்கோ, அதாவது இதய அல்ட்ராசவுண்டு, எடுத்து இப்படி அளக்கலாம். நீர் கோர்க்கும் வாகு உள்ளவர்களுக்கு, ஆக்சிஜன் குறைந்த காற்றில் அது மற்றவர்களைவிட நன்றாகவே எகிறும். ஆனால் எகிறியும் நோய் வராதவர்கள் இருக்கிறார்கள். இதயத் துடிப்பு இடைவெளிகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் சொல்லலாம் என்ற ஆய்வுகளும் நிறைய, முடிவுகள் ஒரு பக்கமாக நிற்கவில்லை. மரபணு பக்கம் திபெத்தியர்களிடம் உள்ள இபிஏஎஸ்1 மரபணு வகை பிரமாதமான கண்டுபிடிப்பு, டெனிசோவன் என்ற அழிந்துபோன பழங்கால மனிதர்களிடமிருந்து வந்தது என்பதுவரை தெரிந்துவிட்டது. அது ஒரு மக்கள் கூட்டம் பல ஆயிரம் வருஷத்தில் எப்படி ஈடுகொடுத்தது என்பதை விளக்கும். அடுத்த வாரம் மலைக்குப் போகும் உங்களுக்குத் தலை வலிக்குமா என்பதைச் சொல்லாது.

கணிப்பு ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு உடலியல் தவிர இன்னொரு காரணம் வெறும் கூட்டல் கழித்தல். கற்பனையாக ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் வரப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், வராதவர்களில் 75 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. 100 பேரில் 25 பேருக்கு மலை நோய் வரும் உயரத்தில் இது 20 பேரைப் பிடிக்கும், கூடவே வராத 75 பேரில் சுமார் 19 பேரைச் சும்மா பயமுறுத்தும். மணி அடித்தால் பாதிக்குப் பாதி. பரவாயில்லை. இப்போது அதே பரிசோதனையை நுரையீரலில் நீர் கோர்ப்பதற்குப் பயன்படுத்துங்கள், 100-ல் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேர் போனால் 100 பேருக்கு வரும், 80 பேரைப் பிடிக்கும், ஆனால் வராத 9900 பேரில் 2475 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 2555 எச்சரிக்கையில் 80 மட்டுமே நிஜம், அதாவது சுமார் 3 சதவீதம். மூன்று நான்கு தடவை பொய் மணி கேட்டவர் அடுத்த தடவை திரும்பியே பார்க்க மாட்டார். அரிதான நோய்க்குக் கணிப்புக் கருவி செய்வது எங்கேயும் இப்படித்தான், மலைக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது.

கைக்கடிகாரங்களும் செயற்கை நுண்ணறிவும் இதை மாற்றுமா? மணிக்கட்டில் ஒளி ஊடுருவிப் போவதில்லை, பட்டுத் திரும்புவதைத்தான் பிடிக்கிறது. சிக்னல் பலவீனம், அசைந்தால் போச்சு. ஆனால் ஒரு நல்ல விஷயம், ராத்திரி முழுக்க அளக்கிறது. உயரத்தில் தூங்கும்போது மூச்சு கொஞ்ச நேரம் வேகமெடுத்து, அப்புறம் சில விநாடி நின்றே போய், மறுபடி வேகமெடுக்கும், செறிவும் அதோடு சேர்ந்து ஊசலாடும். பகலில் 86 காட்டியவர் ராத்திரி பல மணி நேரம் 70-களில் கிடந்திருக்கலாம். சாயங்காலம் எடுக்கும் ஒற்றை எண்ணைவிட இந்த ராத்திரிக் கோட்டில் சரக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. ஆனால் மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தரவு வேண்டும். சில டஜன் பேரை ஒரே மலையில், ஒரே வேகத்தில் ஏற்றி எடுத்த தரவில் துல்லியம் அருமையாக வரும். வேறு மலை, வேறு வயசு, வேறு வேகம் என்று மாற்றினால் சரியும். அழுத்தம் குறைத்த அறையிலோ முகமூடியிலோ எடுத்த தரவு மலையின் குளிரையும் களைப்பையும் பார்த்ததே இல்லை. அதற்கும் அடியில் அந்த ரப்பர் அளவுகோல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது: மாடல் கற்றுக்கொள்வது நோயை அல்ல, மக்கள் தலைவலிக்குப் போட்ட மதிப்பெண்ணை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஆக்சிமீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: அந்த எண்ணைக் கீழே இறங்கும் முடிவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம், மேலே ஏறும் அனுமதிச் சீட்டாக ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது. தலைவலியோடு வாந்தியும் இருக்கிறது, செறிவு 90 என்றால், நோய் இருக்கிறது என்றுதான் அர்த்தம். தொந்தரவு எதுவும் இல்லை, செறிவு 79 என்றால், மறுபடி ஒழுங்காக அளந்து, கூட வந்தவர்களோடு ஒப்பிட்டு, அவருடைய நேற்றைய எண்ணோடும் ஒப்பிட்டு, அன்று ஏறாமல் அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்கவைத்துப் பார்க்கலாம். ஒரே உயரத்தில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எண் மெல்ல ஏறினால் உடம்பு பழகுகிறது. இறங்கினால் ஏதோ சரியில்லை. அசிட்டசோலமைடு சாப்பிடுகிறவர்களுக்கு எண் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டவருக்கோ அறிகுறிகள் அமுங்கிக் கிடக்கும், உடம்பு பழகியிருக்காது, மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும்.

ஏறும் வேகத்துக்கு மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3000 மீட்டருக்கு மேல், இன்று படுக்கும் இடம் நேற்று படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள். பகலில் எவ்வளவு மேலே போய் வந்தீர்கள் என்பதைவிட எங்கே தூங்குகிறீர்கள் என்பதே பெரிது.

மூளை வீக்கத்துக்கு மிக மலிவான பரிசோதனை ஒன்று இருக்கிறது, பேட்டரி வேண்டாம். சமமான தரையில் ஒரு நேர்கோடு, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரல் நுனியைத் தொடும்படி அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். கனமான ஷூவையும் முதுகுப் பையையும் முதலில் கழற்றிவிடச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். ஆரோக்கியமானவர் ஒருவரையும் அதே கோட்டில் நடக்கவைத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் களைத்துப்போன எல்லோருமே கொஞ்சம் ஆடுவார்கள். அவர் நேராகப் போய், இவர் கோட்டை விட்டு விலகி விழப்போனால், விரலில் 88 காட்டினாலும் சரி, ராத்திரியானாலும் சரி, துணைக்கு ஆளோடு அப்போதே கீழே இறக்க வேண்டும்.